மூணு கிலோ மிளகும் ஒரு ஸ்டார்ம்ட்ரூப்பரும்

முதல்லயே சொல்லிடறேன், இது நான் ஒரு பொம்மை வாங்கின கதை. இருபது வயசுல பொம்மையானு சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சுக்கோங்க. எங்க ஹாஸ்டல்ல ஏற்கனவே சிரிச்சு முடிச்சாச்சு.

பொம்மை ஒரு ஸ்டார்ம்ட்ரூப்பர். ஸ்டார் வார்ஸ் படத்துல வெள்ளைக் கவசம் மாட்டிக்கிட்டு கும்பலா வந்து, எவ்வளவு சுட்டாலும் ஹீரோ மேல படாம, கடைசில கும்பலா விழுவாங்களே, அவங்கள்ல ஒருத்தன். உயரம் 3.75 இன்ச். ரெண்டு தோள், ரெண்டு தொடை, இந்த நாலு இடத்துலதான் அசைவான். முழங்கையும் மடங்காது, முழங்காலும் மடங்காது. உக்கார வெச்சா ரெண்டு காலையும் நேரா நீட்டிக்கிட்டுத்தான் உக்காருவான். விலை 1,900 ரூபா.

அந்த 1,900 எங்கருந்து வந்ததுங்கறதுதான் பிரச்சனை. ஃபர்ஸ்ட் இயர்ல ட்ராஃப்டரும் 991 கால்குலேட்டரும் வாங்கணும்னு வீட்ல சொல்லி வாங்கின காசு அது. ட்ராஃப்டரை ஒரு சீனியர் அண்ணன்கிட்ட ஓசி வாங்கினேன். கால்குலேட்டர் என் ரூம்மேட்டோட அக்கா யூஸ் பண்ணது. காசு மிச்சம். மிச்சக் காசை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கலாம்னு நீங்க சொல்றது கேக்குது.

எங்க வீடு கொல்லிமலையில, குண்டூர் நாடு. கொல்லிமலைன்னா உங்களுக்கு 70 கொண்டை ஊசி வளைவும் ஆகாய கங்கையும் ரீல்ஸ்ல பார்த்துத் தெரிஞ்சிருக்கும். மலை மேல ஊர்களை நாடு நாடாத்தான் பிரிச்சு வெச்சிருக்காங்க. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடுன்னு போகும், அதுல எங்களது குண்டூர் நாடு. எங்க ஊர்ல ஒருத்தர் "எந்த நாடு?"னு கேட்டா இந்தியான்னு சொல்லிடாதீங்க, சிரிச்சுடுவாங்க.

எங்க வீட்ல பெரிய செலவெல்லாம் மிளகுக் கணக்குதான். சில்வர் ஓக் மரத்துல கொடி ஏறியிருக்கும். அப்பா ஒத்தை மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறி, கொத்துக் கொத்தாப் பறிச்சு, மிதிச்சு உதிர்த்து, களத்துல காய வெப்பார். பச்சையில மூணு கிலோ போட்டா காஞ்சது ஒரு கிலோ தேறும். நான் பொம்மை வாங்கின அன்னிக்கு இருந்த விலைக்கு 1,900 ரூபாங்கறது மூணு கிலோ காஞ்ச மிளகு. அதாவது ஏணி மேல நின்னு பறிச்ச ஒன்பது கிலோ.

இது தெரிஞ்சும் ஏன் வாங்கினேன்? ட்ராஃப்டர் குடுத்த அதே அண்ணன் ரூம்லதான் இந்த வியாதி ஒட்டிக்கிச்சு. அவர் ஷெல்ஃப்ல புக்ஸுக்குப் பதிலா அட்டையோட அட்டையா பொம்மைங்க மாட்டியிருக்கும், ஒண்ணைக்கூடப் பிரிச்சிருக்க மாட்டார். எல்லாம் பழைய பொம்மை மாதிரியே இருக்கும், ஆனா எல்லாமே புதுசு. "இது ரெட்ரோடா"ன்னார். எனக்குப் புரியல. புரிய வைக்க அவர் எடுத்துக்கிட்ட ரெண்டு மணி நேரத்துல, நான் என்ஜினீயரிங் கிராஃபிக்ஸ் ஷீட்டையே மறந்துட்டேன்.

சுருக்கமா உங்களுக்கும் சொல்றேன். 1964-ல அமெரிக்காவுல ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ.ஜோன்னு ஒரு அடி உயரத்துல ஒரு ராணுவ பொம்மையைக் கொண்டு வந்தாங்க. 'டால்'னு சொன்னா பசங்க தொட மாட்டாங்கன்னு 'ஆக்‌ஷன் ஃபிகர்'ங்கற பேரைப் புடிச்சாங்க. 1977 மே மாசம் ஸ்டார் வார்ஸ் வந்தது. பொம்மை உரிமை கென்னர்ங்கற கம்பெனிகிட்ட. படம் இவ்வளவு ஓடும்னு யாரும் எதிர்பார்க்கல, கிறிஸ்துமஸுக்குள்ள பொம்மை தயாராகல. கென்னர் என்ன பண்ணாங்க தெரியுமா? பொம்மையே இல்லாத ஒரு அட்டைக் கவரை வித்தாங்க! உள்ள ஒரு கூப்பன் இருக்கும். அதை நிரப்பி தபால்ல போட்டா, லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 நாலு பேரும் அடுத்த வருஷம் வீடு தேடி வருவாங்க. நம்ம ஊர் தீபாவளிச் சீட்டு மாதிரிதான். ஜனங்க வாங்கினாங்க.

அந்த கென்னர் பொம்மைங்கதான் 3.75 இன்ச், பெரும்பாலும் அஞ்சு மூட்டு. உருவம் சின்னதா இருந்தா பிளாஸ்டிக் கம்மி, விலை கம்மி, விண்கலத்தையும் அதே அளவுக்குச் செஞ்சு விக்கலாம். அப்புறம் வந்த கம்பெனிங்க பலதும் அந்த அளவைப் புடிச்சுக்கிட்டாங்க. 1982-ல ஜி.ஐ.ஜோவே ஒரு அடியிலிருந்து 3.75 இன்ச்சுக்கு இறங்கி வந்தான்.

இப்போ ரெட்ரோ. அந்தக் காலத்துப் பசங்க வளர்ந்து, சம்பாதிச்சு, அவங்க அம்மா தூக்கிப் போட்ட பொம்மைகளைத் திரும்பத் தேட ஆரம்பிச்சாங்க. ஒரிஜினல் கிடைக்கல, கிடைச்சாலும் விலை எட்டல. அதனால இப்போ செய்யற பொம்மையையே அந்தக் காலத்து மாதிரி செஞ்சு குடுக்கறாங்க. சூப்பர்7ங்கற கம்பெனியோட ரியாக்‌ஷன் பொம்மைங்க முழுக்க அந்த அஞ்சு மூட்டு பாணிதான். அது தொடங்கின கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கென்னர் 1979-ல 'ஏலியன்' படத்துக்கு 3.75 இன்ச் பொம்மைங்களைத் தயார் பண்ணிட்டு, வெளியிடாமலே விட்டுட்டாங்க. 2013-ல சூப்பர்7-உம் ஃபன்கோவும் சேர்ந்து அதை எடுத்து வெளியிட்டாங்க. 34 வருஷம் கழிச்சு அரியர் கிளியர் பண்ண பொம்மை. மேட்டல் 2020-ல ஹீ-மேனைப் பழைய முகத்தோடவே 'ஆரிஜின்ஸ்'னு கொண்டு வந்தாங்க, ஆனா மூட்டுங்க நிறைய. ஹாஸ்ப்ரோ 2019-ல ஸ்டார் வார்ஸுக்கு 'ரெட்ரோ கலெக்‌ஷன்' ஆரம்பிச்சாங்க. கென்னரை அவங்க 1991-லயே வாங்கியாச்சு, இருந்தும் அட்டையில அந்தப் பழைய கென்னர் லோகோவையே போட்டாங்க. என்னோட ஸ்டார்ம்ட்ரூப்பர் அந்த வரிசைதான்.

அமெரிக்காவுல பத்து டாலர் சுமாருக்குப் போறது நம்மகிட்ட 1,900 ஆகறதுக்குக் காரணம் இருக்கு. 2020 பட்ஜெட்ல பொம்மைங்களுக்கான இறக்குமதி வரியை 20 சதவீதத்துல இருந்து 60 ஆக்கினாங்க. 2023-ல 70. 2021 ஜனவரியில இருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையைக் கடையில விக்கவும் கூடாது. உள்ளூர் பொம்மைத் தொழிலுக்கு நல்லதுதான், நான் குறை சொல்லல. ஆனா கலெக்ட் பண்றவன் பர்ஸுக்கு நல்லதில்ல. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

சரி, மலைக்கு வருவோம். போன பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போறப்ப பொம்மையை பையில வெச்சு எடுத்துட்டுப் போனேன். ஹாஸ்டல்ல விட்டா எவனாவது பிரிச்சுடுவான்னு பயம். காரவள்ளியில பஸ் மலை ஏற ஆரம்பிச்சதிலிருந்து ஒவ்வொரு வளைவுலயும் பையை மடியில அணைச்சுக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டு பாட்டி உள்ள முட்டையானு கேட்டுச்சு.

வீட்ல துணிக்கு நடுவுல ஒளிச்சு வெச்சேன். அம்மா துவைக்க எடுத்தப்ப வெளிய வந்துருச்சு. அம்மா ஒண்ணும் சொல்லாம அதைத் திண்ணையில வெச்சுட்டாங்க. சாயங்காலம் அப்பா வந்தார், கை கழுவிட்டு எடுத்துப் பார்த்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, புதுசா வாங்கினியா?"

"ஆமாப்பா."

"ஓரமெல்லாம் நைஞ்சு போயிருக்குதே. மடிஞ்ச கோடு வேற. பழசைத் தலையில கட்டிட்டாங்க பாரு. பில்லு இருக்குதா? மாத்திட்டு வந்துரு."

இங்கதான் ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்லணும். அந்த ரெட்ரோ வரிசை அட்டையில ஓரம் தேஞ்ச மாதிரி, மடிப்பு விழுந்த மாதிரி பிரிண்டே பண்ணியிருப்பாங்க. நாப்பது வருஷம் யாரோ வெச்சிருந்த மாதிரி ஒரு தோற்றம். அட்டை புதுசு, தேய்மானம் மட்டும் அச்சு.

"இல்லப்பா, அது அப்படியே அடிச்சிருக்காங்க. பழசு மாதிரி தெரியறதுக்கு."

அப்பா நகத்தால அந்த மடிப்புக் கோட்டைச் சுரண்டிப் பார்த்தார். வழுவழுன்னு இருந்தது. "பழசு மாதிரி தெரியறதுக்கு காசு ஜாஸ்தியா, கம்மியா?"

நான் பதில் சொல்லல. அவர் மறுபடியும், "பில்லு எடு"ன்னார். ஏமாத்திட்டாங்கங்கற எண்ணம் அவருக்கு இன்னும் போகல. எனக்காகக் கடைக்காரன்கிட்ட சண்டை போடத் தயாரா இருந்தார். அதைப் பார்த்தப்புறம் பொய் வரல. பில்லை எடுத்துக் குடுத்தேன். தொகையையும் தேதியையும் பார்த்தார். அந்தத் தேதி அவருக்கு ஞாபகம் இருந்தது, ஏன்னா அந்த வாரம்தான் மிளகை மூட்டை கட்டி சந்தைக்குக் கொண்டு போனார்.

"அப்ப படம் வரையற சாமான்?"

"சீனியர் அண்ணன்கிட்ட ஓசி."

"பரீட்சை?"

"பாஸாயிட்டேன்ப்பா."

கத்துவார்னு நினைச்சேன். பொம்மையைத் திண்ணையிலயே வெச்சுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார். ராத்திரி சாப்பிடும்போதும் பேசல. காலையில ஆறு மணிக்கு எழுப்பி, மலைப் பனியில ஏணிக்கு முன்னாடி நிறுத்தினார். "மூணு கிலோ பறிச்சுக் குடுத்துட்டுக் காலேஜுக்குப் போ. காஞ்சது மூணு கிலோ."

ஒன்பது கிலோ பச்சை மிளகு அப்பாவுக்கு அரை நாள் வேலைகூட இல்ல. எனக்கு ஒண்ணரை நாள் ஆச்சு. ஏணியில கால் வெக்கறதுக்கு ஒரு கணுதான் இருக்கும். ஒரு கை மரத்தைப் புடிச்சிருக்கணும், ஒரு கை பறிக்கணும். சின்ன வயசுல ஏறினதுதான், ஆனா ரெண்டு வருஷ ஹாஸ்டல் வாழ்க்கையில காலு எல்லாம் மறந்து போச்சு. தோள்பட்டை ரெண்டும் கழண்டு போச்சு. எனக்கும் நாலு மூட்டுதான் மிச்சம்னு தோணுச்சு.

ரெண்டாவது நாள் மத்தியானம், மரத்தடியில களி சாப்பிடும்போதுதான் அப்பா சாதாரணமா பேசினார். "அந்த பொம்மை, நான் உனக்கு அறப்பளீஸ்வரர் கோயில் நோம்பியில வாங்கிக் குடுத்த மாதிரியே இருக்குது. அதுவும் இப்படித்தான் கால நீட்டிக்கிட்டு உக்காரும்."

எனக்கு மறந்தே போயிருந்தது. ஆடிப் பதினெட்டு. மலை மேல அன்னிக்குக் கூட்டம்னா கூட்டம். ரோட்டோரம் தார்ப்பாய் விரிச்சு பொம்மை விப்பாங்க. எனக்கு ஏழு வயசு இருக்கும், 2012-ஆ இருக்கணும். தலை பேட்மேன், உடம்பு சிவப்பு, முதுகுல ஒரு மஞ்சத் துண்டு. பாலித்தீன் கவர்ல அட்டை வெச்சு ஸ்டேப்ளர் அடிச்சது, முப்பது ரூபா. கழுத்து, ரெண்டு தோள், ரெண்டு தொடை. முழங்கால் மடங்காது. அதுக்கு முன்னாடி எனக்கு இருந்ததெல்லாம் சைக்கிள் டயரும், மரவள்ளி இலைக்காம்பை ஒடிச்சு ஒடிச்சுச் செய்யற சங்கிலியும்தான். அந்த பேட்மேன் எந்தச் சண்டைக்குப் போனாலும் அந்த நீட்டின காலோடதான் போவான். வண்டியில உக்கார வெக்க முடியாது, படுக்க வெச்சுத்தான் ஓட்டணும்.

அந்த அண்ணனோட ரூம்ல ஸ்டார்ம்ட்ரூப்பரைக் கையில எடுத்தவுடனே ஏதோ ஒண்ணு ஆச்சு எனக்கு. அமெரிக்காவுல 1978-ல பிறந்தவனோட ஏக்கம் கொல்லிமலைக்காரனுக்கு எப்படி வந்துச்சுன்னு நானே என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தேன். யோசிச்சுப் பார்த்தா அது அவங்க ஏக்கம் இல்ல. மூட்டு கம்மியா இருந்தா அச்சு கம்மி, அசெம்பிளி கம்மி, செலவு கம்மி. கென்னர் 1978-ல பார்த்த கணக்கைத்தான் நம்ம திருவிழா பொம்மைக்காரங்க இன்னிக்கும் பார்க்கறாங்க. அவங்க நாட்டுல அது ரெட்ரோ. எங்க நாட்டுல அது போன ஆடிக்கும் வித்துச்சு, வர்ற ஆடிக்கும் விக்கும். விலை மட்டும் அறுபது ஆயிருக்கு. வேணும்னா நீங்களே ஒரு திருவிழா பொம்மையையும் ஒரு ரியாக்‌ஷன் பொம்மையையும் கண்ணை மூடிக்கிட்டு அசைச்சுப் பாருங்க. பெயின்ட்டும் முகமும்தான் வித்தியாசம். சரி, பிளாஸ்டிக் தரமும்தான், அதை ஒத்துக்கறேன்.

அன்னிக்கு ராத்திரி அப்பா பரண்ல ஏறி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தார். பழைய ஸ்க்ரூ, பொத்தான், ஓட்டை விழுந்த பத்துப் பைசா எல்லாம் கிடக்கற பாட்டில். உள்ளருந்து ஒரு ராணுவ வீரனைக் கொட்டினார். மார்பு தனி, இடுப்பு தனி, கால் ரெண்டும் தனி.

அப்பா பதினஞ்சு வயசுல நாமக்கல் லாரியில கிளீனரா ரெண்டு வருஷம் போயிருக்கார். லாரி ஓனர் வீட்டுப் பையன் உடைச்சுப் போட்ட பொம்மையை அந்த அம்மா குப்பையில போடப் போக, இவர் கேட்டு வாங்கியிருக்கார். கேபின்ல டேஷ்போர்டு மேல மார்பை மட்டும் நிக்க வெச்சுட்டு பம்பாய் வரைக்கும் போய் வந்தாராம். இதை இருபது வருஷத்துல ஒரு தடவைகூட என்கிட்ட சொன்னதில்ல. கேட்டா, "பொம்மையைப் பத்தி என்ன சொல்றது"ன்னார்.

போட்டோ எடுத்து சீனியர் அண்ணனுக்கு அனுப்பினேன். ரெண்டு நிமிஷத்துல போன் வந்துச்சு. "டேய், அது ஃபன்ஸ்கூல் ஜி.ஐ.ஜோடா!"

ஃபன்ஸ்கூல் நம்ம சென்னை கம்பெனி. 1987-ல எம்.ஆர்.எஃப்.-பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து ஆரம்பிச்சது, ஃபேக்டரி கோவாவுல. ஹாஸ்ப்ரோவோட பழைய அச்சுங்க இங்க வந்தது, அதுல நம்ம ஆளுங்க பொம்மை வார்த்தாங்க. சட்டை, பேன்ட் கலர் அமெரிக்கப் பொம்மையில இருக்கற மாதிரி பல சமயம் இருக்காது. பிரேசில்ல எஸ்ட்ரெலா, அர்ஜென்டினாவுல பிளாஸ்டிராமான்னு இதே மாதிரி அங்கங்க பண்ணாங்க. அந்த வேற கலருக்காகவே இன்னிக்கு வெளிநாட்டுக் கலெக்டருங்க நம்ம ஊர் பொம்மையைத் தேடறாங்க.

இந்த ஜி.ஐ.ஜோவுக்குள்ள இருக்கற மெக்கானிசத்தைப் பார்த்தப்பதான் நான் மெக்கானிக்கல் எடுத்ததுக்கு முதல் தடவையா சந்தோஷப்பட்டேன். முதுகுல ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழட்டினா மார்பு ரெண்டா பிரியும். உள்ள ஒரு கொக்கி. கால் ரெண்டையும் உடம்போட இழுத்துப் புடிச்சிருக்கறது ஒரு ரப்பர் ஓ-ரிங், அவ்வளவுதான். அதனாலதான் இடுப்பு எல்லாப் பக்கமும் சுத்தும். ஓ-ரிங்னா நமக்கெல்லாம் 1986 சேலஞ்சர் விபத்துதான் ஞாபகம் வரும். அங்க குளிர்ல ரப்பர் விறைச்சுப் போச்சு. இங்க வயசாகி காஞ்சு வெடிச்சுப் போச்சு. பொம்மை உடையவே இல்ல, ஓ-ரிங் மட்டும்தான் போயிருந்தது. அப்பா முப்பது வருஷமா உடைஞ்சதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கார்.

திரும்பிப் போற வழியில நாமக்கல்ல இறங்கி லாரி ஸ்பேர்ஸ் கடைங்கள்ல ஏறி இறங்கினேன். உள் விட்டம் அரை இன்ச், தடிமன் ஒண்ணே முக்கால் மில்லிமீட்டர்.

"எந்த வண்டிக்குத் தம்பி?"

"வண்டிக்கு இல்லண்ணா, பொம்மைக்கு."

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, ஒரு டப்பாவைக் கவிழ்த்து, "நீயே தேடிக்கோ"ன்னார். ஒண்ணு அஞ்சு ரூபா. அஞ்சு வாங்கினேன். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஸ்டாண்ட் பெஞ்சுலயே, பாக்கெட் கத்தியோட முனையால ஸ்க்ரூவைத் திறந்து மாட்டினேன். கொக்கியில ரிங்கை இழுத்து விடறப்ப 'டக்'னு கால் ரெண்டும் இடுப்புல போய் ஒட்டிக்கிச்சு. ஆள் நின்னான். இதுக்கு முழங்காலும் மடங்கும், ஸ்டார்ம்ட்ரூப்பர் பொறாமைப்படட்டும்.

சீனியர் அண்ணன் மூவாயிரம் தர்றேன்னார். நியாயமான ஆள், முதல் விலையே நல்ல விலை. அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ஒரு நொடி யோசிக்கல. "குடுத்துரு. அந்தப் பென்சில் சாமான் வாங்கிக்கோ. மிச்சத்தை நீயே வெச்சுக்கோ."

"உங்களுதுப்பா அது. பம்பாய் எல்லாம் போயிட்டு வந்தது."

"பம்பாய் போனது நாந்தான். அது டேஷ்போர்டுல கிடந்துச்சு."

இதுக்கு என்ன பதில் சொல்றது சொல்லுங்க. பழசு மேல ஆசை அப்பாவுக்கு இல்ல. அவருக்குப் பழசுன்னா பதினஞ்சு வயசுல லாரிக்கு அடியில படுத்து கிரீஸ் அடிச்சது. அந்த ஆசை முழுக்க எனக்குத்தான். அதுக்கு விலை குடுக்க வேண்டியவனும் நான்தான்னு அண்ணன்கிட்ட விக்கலன்னு சொல்லிட்டேன். அவர் ரெண்டு நாள் பேசல, மூணாவது நாள் ட்ராஃப்டரைத் திருப்பிக் கேட்டார். எனக்கு அப்ப மெஷின் டிராயிங் ஓடிக்கிட்டிருந்தது. மெஸ் பில்லுல திரும்பி வந்த காசுல செகண்ட் ஹேண்ட் ட்ராஃப்டர் ஒண்ணு வாங்கினேன், 350 ரூபா. ஸ்கேல் கொஞ்சம் ஆடும்.

ஸ்டார்ம்ட்ரூப்பர் அட்டையைப் பிரிச்சுட்டேன். கலெக்டருங்க என்னை மன்னிக்கணும், பிரிச்ச அன்னிக்கே விலை பாதி. இப்போ மேஜையில கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். ஹெல்மெட்ல கறுப்புப் பெயின்ட் ஒரு இடத்துல உரிய ஆரம்பிச்சிருக்கு, அது பிரிண்ட் இல்ல.

ஜி.ஐ.ஜோ ஊர்ல டி.வி. மேல நிக்கறான். ரப்பர் நம்ம ஆயுசுக்கு வராது, இன்னும் சில வருஷத்துல மறுபடியும் கால் கழண்டு விழுவான். அதுக்காக மீதி நாலு ஓ-ரிங்கையும் அப்பாகிட்ட குடுத்து, எப்படி மாட்டறதுன்னு காட்டினேன். அவர் ஒரு தடவை கழட்டி மாட்டிப் பார்த்துட்டு, நாலையும் அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு பரண் மேல வெச்சுட்டார்.